மருமோன், அந்தக் கையை ஒருக்காத் தூக்கிக் காட்டு

வா மருமோன், வா. இந்தக் கதிரையில இரு. அந்தப் பெரிய உறையைக் கீழ வைச்சிடாத, பூனை வந்து அதுக்கு மேல படுத்திடும். எக்ஸ்ரேப் படம் எல்லே? டவுனில இருந்து புல்மோட்டை பஸ்ஸில, அவ்வளவு சனத்துக்குள்ள, ஒரு மடிப்பு விழாமக் கொண்டு வந்திருக்கிறாய். உன்ர கலியாணக் காட்டைக்கூட நீ இவ்வளவு பக்குவமாக் கொண்டு திரிஞ்சதை நான் காணேல்ல.

ஒழுங்கையில திரும்பேக்கையே கண்டனான். வலக்கையை இடக்கையால ஏந்திக்கொண்டு வாறாய். ஏன்ராப்பா, அது இரவலுக்கு வாங்கின கையோ?

சரி, சொல்லு. எலும்பு வளர்ந்து நாரை இடிக்குதாம். ஒரு துண்டு சீவி எடுத்தால்தான் சரிவருமாம். இம்பிஞ்ச்மென்ட் எண்டு அதுக்குப் பேராம். கேட்ட நேரம் தொடக்கம் உன்ர மாமி குசினிக்குள்ள மூக்கைச் சிந்திக்கொண்டு நிக்கிறா. எனக்கெண்டா அதிசயமா இருக்கு. நாப்பது தாண்டினதுக்குப் பிறகு உன்ர உடம்பில வயிறைத் தவிர வேற ஒண்டும் வளருது எண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்.

என்னட்ட வாறதுக்கு முன்னம் ஆரார் கைவைச்சவை எண்டு நீ சொல்லத் தேவையில்லை, மணமே சொல்லுது. கோடாலித் தைலமும் சித்தாலேப்பையும் உன்ர தோளில காணிச் சண்டை பிடிக்குதுகள். பக்கத்து வளவுக்காரன் வாயு எண்டிருப்பான்; அவனுக்குக் கால் முறிஞ்சாலும் வாயுதான். முறிவு நெரிவு பாக்கிறவர் நரம்பு பிசகிப்போச்செண்டு ஒரு இழுவை இழுத்தவராம். நீ போட்ட சத்தத்தில வாடியில நித்திரை கொண்ட பெடியள் வள்ளம் கவிழ்ந்திட்டுதெண்டு கடற்கரைக்கு ஓடினவங்களாம். பிறகு கன்னியாவுக்கும் போனாய். ஏழு கிணத்திலயும் அள்ளி அள்ளி வாத்தாய். நல்லது. சூட்டுக்குத் தசை இளகும், அரைநாள் சுகம் தெரியும், அதில பொய்யில்லை. ஆனா ஒண்டு கேக்கிறன்: அந்த வாளியை அள்ளினது எந்தக் கை? முழிக்காத. நோகிற கையாலதான் அள்ளினனீ; மாமி பாத்துக்கொண்டு நிண்டவ. அப்ப கை இன்னும் வேலைக்கு ஆகும். கைக்குச் சொந்தக்காரனைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

அந்தக் கிணறுகளை இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கக் குத்தினவன் எண்டு சொல்லுவினம். கோணேசர் மலையில அவன் வெட்டின வெட்டையும் காட்டுவினம். இருபது தோள் அவனுக்கு. உன்ர வருத்தம் அவனுக்கு வந்திருந்தா இருபது உறையைத் தூக்கிக்கொண்டெல்லோ பஸ் ஏறியிருக்கவேணும்! அதுவும் மேல் கம்பியைப் பிடிக்க ஏலாம.

இப்ப சேட்டைக் கழட்டு. பார், பார், எப்பிடிக் கழட்டுறாய் எண்டு. நோகிற கையை முதல் உருவப் போய், பாதியில மாட்டுப்பட்டு நிக்கிறாய். நல்ல கையை முதல் எடு, நோகிறது கடைசி. போடேக்க மாறி: நோகிற கை முதல் உள்ளுக்குப் போகவேணும். இதைச் சொல்ல ஒரு எக்ஸ்ரே வேணுமோ?

எழும்பி நில். கையைப் பக்கவாட்டில மெல்ல மெல்லத் தூக்கு. கெதியா வேண்டாம், நீ பஸ் மறிக்கேல்ல. ஆ... வருது, வருது. இந்தா, இதில முகம் சுளிக்குது. தோள் மட்டத்தில பல்லைக் கடிக்கிறாய். நிப்பாட்டாத, இன்னும் தூக்கு. இப்ப என்ன? முகம் தெளிஞ்சிட்டுது! கை காதுக்குக் கிட்ட நிக்குது, நோவையும் காணேல்ல. இனி இறக்கு. பாத்தியே, அதே இடத்தில திரும்ப "ஐயோ" எண்டுது. 60 பாகையில தொடங்கி 120 பாகை மட்டும் நோகும், கீழயும் மேலயும் விட்டுப்போகும். தோளைப் பாக்கிற டொக்டர்மாருக்கு இந்த வளைவு நல்லாத் தெரிஞ்ச சங்கதி. இதை மட்டும் வைச்சு ஒரு முடிவுக்கு வர ஏலாது. ஆனா எந்தப் பக்கம் பாக்கவேணும் எண்டு காட்டும்.

இன்னொருக்காத் தூக்கு. இந்த முறை பெருவிரல் வானத்தைப் பாக்கவேணும், உள்ளங்கை முன்னுக்குத் திரும்பவேணும். எப்பிடி? கொஞ்சம் லேசா இருக்கோ? இருக்கும். கை எலும்பின்ர மேல் நுனியில வெளிப்பக்கமா ஒரு மொழி இருக்கு. உள்ளங்கை கீழ பாத்துக்கொண்டு தூக்கினா அந்த மொழி நேரப் போய் மேல் எலும்புக்குக் கீழ நெருங்கும். கையைத் திருப்பினா அது பின்னுக்கு விலகி வழிவிடும். இனிக் கடைசிக் கூத்து: நீ போன் பாக்கிற மாதிரி நல்லாக் கூனிக்கொண்டு தூக்கு. ஏறாது. நெஞ்சை நிமித்தித் தூக்கு. ஏறுது! மருமோன், உன்ர தோளுக்குப் பாதி எதிரி உன்ர கூன்.

இரு, மூச்சு வாங்கு. உள்ளுக்க என்ன நடக்குதெண்டு சொல்லுறன். எனக்கெங்க இதெல்லாம் தெரியும் எண்டு யோசிக்கிறாய், என்ன? பேத்தி பேராதனையில பிசியோதெரபி படிக்கிறாள் எல்லே. லீவுக்கு வந்தா அவளுக்குப் பாடம் ஒப்புவிக்க ஆள் வேணும். மாமி நித்திரையாப்போவா. நான்தான் மாட்டுப்படுறது.

தோளில ஒரு பந்து, அதுக்கு ஒரு சின்னக் குழி. குழி ஆழமில்லை; ஆழமா இருந்தா கை இவ்வளவு சுழலாது. பந்துக்கு மேல தோள்பட்டை எலும்பின்ர ஒரு நீட்டு கூரையா நிக்குது, அக்ரோமியன் எண்டு அதுக்குப் பேர். கூரைக்கும் பந்துக்கும் இடையில ஒரு சென்ரிமீற்றர் மட்டில இடம். அதுக்குள்ளதான் வழுக்கிறதுக்கு ஒரு நீர்ப்பையும், சுப்ராஸ்பைனேட்டஸ் எண்ட தசையின்ர நாரும் ஒடுங்கிக் கிடக்குதுகள். அந்தப் பேரை நான் முதல்தரம் சொன்ன அண்டைக்கு என்ர கட்டுப்பல்லு கழண்டது. அதோட சேத்து நாலு தசையள். நாலும் நாலு பக்கத்தால பந்தைச் சுத்திப் பிடிச்சு, குழிக்கு நடுவில வைச்சிருக்குதுகள். வெளியில உருண்டு திரண்டு நிக்கிறது டெல்டோயிட், அதுதான் பெடியள் கண்ணாடியில முறுக்கிப் பாக்கிறது.

நீ கரைவலையில நிண்டவன்தானே. ரெண்டு கயிற்றிலயும் ஆக்கள் ஒரேயளவில இழுத்துவந்தால்தான் மடி நேர வரும். ஒரு பக்கத்தில நாலு சண்டியர் நிண்டு விட்டு இழுத்து, மற்றப் பக்கம் கிழவங்கள் களைச்சுப்போய் நிண்டாங்களெண்டா வலை சரியும். நெத்தலி முழுக்கக் கடலுக்குத் திரும்பிப் போகும், சம்மாட்டி வானத்தைப் பாப்பார். உன்ர தோளிலயும் அதுதான் நடந்திருக்கு. டெல்டோயிட் சண்டியன் மேல இழுக்கிறான். கீழயும் உள்ளுக்கும் இழுத்துப் பந்தை நடுவில பிடிக்கவேண்டிய நாலு பேரும் களைச்சுப்போச்சினம். பந்து மேல ஏறுது, நடுவில இருக்கிற நாரும் நீர்ப்பையும் நசிபடுது, வீங்குது. வீங்கினா இடம் இன்னும் குறையும். குறைஞ்சா இன்னும் நோகும். நோகுதெண்டு நீ கையை ஆட்டாம வைச்சால் அந்த நாலும் இன்னும் இளைக்கும்.

இதில தோள்பட்டைப் பலகைக்கும் ஒரு பங்கிருக்கு. கையை முழுக்க, 180 பாகைக்குத் தூக்கினா, 120 மட்டில பந்து சுழல்றதால வாறது, மிச்சம் 60 பலகை திரும்புறதால வாறது. 1944இல அமெரிக்காவில இன்மன் எண்டவரும் கூட்டாளியளும் அளந்து எழுதின கணக்கு. கொஞ்சம் கூடக் குறைய வந்தாலும் அடிக்கணக்கு அதுதான். பலகை திரும்பாட்டிக் கூரையும் விலகாது. நீ கதிரையில வளைஞ்சு கிடக்கேக்க பலகையைக் கதிரைச் சாய்மானத்தோட சேத்து நசிச்சு வைச்சிருக்கிறாய். அது எப்பிடித் திரும்பும்?

ஏன் வந்ததெண்டு கேக்கிறாய். இதை நீ எந்த டொக்டரிட்டையும் சொல்லியிருக்கமாட்டாய், நான் சொல்லுறன். ஐப்பசிக்குப் பிறகு வாடை பிடிச்சுது. கடல் கொந்தளிப்பு, எங்கட பக்கத்தில தொழில் இல்லை. வள்ளத்தைக் கரையில ஏத்திக் கவிட்டாய். தை மாசி மட்டும் என்ன வேலை? மத்தியானம் கேரம் போர்ட், பின்னேரம் ரீவி, இரவில அரசியல். வாய்க்கு நல்ல பயிற்சி, தோளுக்கு ஒண்டுமில்லை. பங்குனியில கடல் படுத்துது. நீ என்ன செய்தாய்? ஒருநாளைக்கு ஒருக்கா மெல்லப் போய்ப் பழகினியோ? இல்லை. முதல்நாளே 25 குதிரை எஞ்சின்ர கயிற்றைப் பிடிச்சு இழு இழு எண்டு இழுத்தாய். பிளக்கில உப்புப் பிடிச்சிருக்கு, அதைத் துடைக்கப் பஞ்சி. இருபது தரம் இழுத்தாலும் இழுப்பாய், பிளக்கைக் கழட்டமாட்டாய். பிறகு வலை படுத்து, விடிய முன்னம் அதை வள்ள ஓரத்தால கையாலயே இழுத்து ஏத்தி, கரைக்கு வந்து மீன்பெட்டியைத் தலைக்கு மேலால லொறிக்குக் குடுத்தாய். நாலு மாசம் உறங்கின நாரை ஒரே கிழமையில சாகக் குடுத்தா அது என்ன செய்யும்? நாருக்கு வேலை பிடிக்கும் மருமோன். திடீர் வேலைதான் பிடிக்காது. குச்சவெளியில தொடங்கிப் புல்மோட்டை மட்டும் சித்திரை வைகாசியில தோளைப் பிடிச்சுக்கொண்டு திரியிற ஆக்களை எண்ணிப் பார். இதை வாய்வு எண்டு சொல்லுறவனுக்குக் கலண்டர் பாக்கத் தெரியாது.

இனி உன்ர கத்திக் கதைக்கு வாறன்.

1972இல அமெரிக்காவில சார்ல்ஸ் நீர் எண்டொரு எலும்பு டொக்டர், கெட்டிக்காரன், ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கூரை எலும்பின்ர முன் ஓரம் கீழ இருக்கிற நாரை உரசுது. ஓரத்தைச் சீவிவிட்டாச் சுகம் வரும் எண்டு. கேட்ட உடன ஆருக்கும் விளங்கிற கதை. இடிக்குது, சீவு. 1986இல பிக்லியானி எண்டவரும் கூட்டாளியளும் கூரையைத் தட்டை, வளைவு, கொக்கி எண்டு மூண்டா வகுத்தினம். உன்ர கடதாசியில இரண்டாம் வகை எண்டு கிடக்கே, அது அங்கயிருந்து வந்ததுதான். பிறகு உலகம் முழுக்கச் சீவினாங்கள். முதல் வெட்டித் திறந்து, பிறகு சின்ன ஓட்டையால கமரா விட்டு. கனபேருக்குச் சுகமும் வந்தது. ஆர் கேக்கிறது, சீவினதால வந்த சுகமோ, சீவினபிறகு கொஞ்சநாள் பொத்திவைச்சு, பிறகு மெல்ல மெல்லப் பயிற்சி செய்ததால வந்த சுகமோ எண்டு?

கேட்டாங்கள் வெள்ளைக்காரங்கள். பிரித்தானியாவில 32 ஆஸ்பத்திரியளில 313 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கி மூண்டு கூட்டமாப் பிரிச்சினம். ஒரு கூட்டத்துக்கு உண்மையாவே சீவினது. இரண்டாவது கூட்டத்துக்கு மயக்கமருந்து குடுத்து, ஓட்டை போட்டு, கமராவை விட்டுப் பாத்திட்டு, ஒண்டையும் சீவாமத் தைச்சு அனுப்பினது. மூண்டாவது கூட்டத்துக்கு ஒண்டுமில்லை, வீட்ட போய் இரு. களவில்லை, எல்லாரிட்டையும் முன்னமே விளங்கப்படுத்திச் சம்மதம் வாங்கித்தான் செய்தவை. 2018இல லான்செட் இதழில முடிவு வந்தது. சீவினவனுக்கும் சீவாமத் தைச்சவனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை! சும்மா இருந்தவனைவிட ரெண்டு பேருக்கும் ஒரு சொட்டுச் சுகம் கூட. அதுவும் கணக்கில தெரியுமே தவிரக் கையில தெரியாது. அதே வருசம் பின்லாந்திலயும் 210 பேரை வைச்சு இப்பிடியே பாத்தினம். ரெண்டு வருசம் கழிச்சு அளந்தாலும் சீவினதுக்கும் சீவினமாதிரி நடிச்சதுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. 2019இல பிரித்தானிய மருத்துவ இதழில, உலகத்துப் பல இடத்து நிபுணர்களும் நோயாளியளும் சேர்ந்து, இந்த வருத்தத்துக்குச் சீவிற ஒப்பரேசன் வேண்டாம் எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டினம்.

பேத்தி இதை வாசிக்கேக்க நான் கேட்டன்: "பிள்ளை, அந்தச் சீவாமத் தைச்ச ஆக்களிட்டக் காசு வாங்கினவையோ?" அங்க அரசாங்க ஆஸ்பத்திரியாம், காசில்லையாம். எங்கட பக்கமெண்டா வள்ளத்தை அடகுவைச்சுத்தான் பொய்த் தையலும் போட்டிருப்பம்.

முரளியைக் கொண்டு வராத. நீ வாய் திறக்க முன்னமே தெரியும். 2004இல முரளிக்கு ஒஸ்ரேலியாவில தோளில ஒப்பரேசன் செய்தவை, 2010இல காலியில 800ஆவது விக்கெட் எடுத்தவர், சரிதான். அது உலகம் முழுக்கப் பந்து சுழட்டின தோள், அதின்ர பழுதும் வேற, வைத்தியமும் வேற. நீ சுண்டினது கேரம் காய்.

ஒப்பரேசன் எல்லாமே பொய்யெண்டு நான் சொன்னதா ஊரில போய்ச் சொல்லாத. வள்ளத்தில வழுக்கி விழுந்து, அந்த நிமிசத்தில இருந்து கையைத் தூக்கவே ஏலாமப் போனா நார் அறுந்திருக்கலாம்; அதைப் பிந்தாமக் காட்டவேணும், தைக்கவேண்டியும் வரலாம். உனக்கு அப்பிடியில்லை. உன்ர கை மேல போகுது, தள்ளினாப் பலமும் கிடக்கு.

அடுத்தது ஸ்கான். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் நிம்மதி எண்டு மச்சான் சொன்னவனாம். 1995இல அமெரிக்காவில, தோளில ஒரு நோவும் இல்லாத 96 பேரைப் பிடிச்சு எம்.ஆர்.ஐ. எடுத்தினம். 60 வயசு தாண்டினவையில பாதிக்கு மேல, 54 வீதம் பேருக்கு, நார் கொஞ்சமாவது கிழிஞ்சிருந்தது. ஒருத்தருக்கும் நோவில்லை, சும்மா தம்பாட்டில திரிஞ்ச சனம். என்ர தோளைப் படம் பிடிச்சா மீன்வலை மாதிரித்தான் இருக்கும். நான் போன கிழமை தேங்காய் பிடுங்கினனான். படத்தை எனக்குக் காட்டாதேங்கோ, எனக்கும் நோகத் தொடங்கிடும்.

ஊசி? போடலாம். இரவில நித்திரையே இல்லை, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஏலாது எண்டா, தோளுக்குப் போடுற ஸ்டீரொயிட் ஊசி சில கிழமைக்கு ஆறுதல் தரும். அந்த ஆறுதலில பயிற்சி செய்யிறவனுக்கு லாபம். ஆறுதல் வந்திட்டுதெண்டு மறுநாள் எஞ்சின் கயிற்றை இழுக்கிறவனுக்கு நட்டம். நீ எந்த ஆள் எண்டு எனக்குத் தெரியும், அதுதான் யோசிக்கிறன். பார்மசியில வெறுவயித்தோட டைக்ளோபெனக் வாங்கி விழுங்கிற பழக்கத்தை விடு. தோள் ஆறுமுன்னம் குடல் புண்ணாகும். பனடோலை அளவாப் போடு.

இப்ப கேள், இது உனக்குப் பிடிக்கும். 2021இல இன்னுமொரு பெரிய ஆராய்ச்சி, பிரித்தானியாவிலதான், 708 பேர். பாதிப்பேருக்குப் பதினாறு கிழமைக்குள்ள ஆறுதரம் வரை பிசியோவிட்டப் போய்ப் படிப்படியாக் கூட்டிற பயிற்சி. மற்றப் பாதிப்பேருக்கு ஒரேயொரு தரம், ஒரு மணித்தியாலம் மட்டில இருத்தி வைச்சு, என்ன வருத்தம், என்ன செய்யவேணும், வீட்டில எப்பிடிப் பயிற்சி செய்யிறது எண்டு விளங்கப்படுத்தி விட்டது, அவ்வளவுதான். வருச முடிவில ரெண்டு கூட்டமும் ஒண்டுபோலத்தான்! அப்ப இந்தத் திண்ணையில இருந்து நான் இவ்வளவு நேரமாச் சொல்லுறதின்ர பெறுமதி இப்ப விளங்குதோ? மாமி, கேட்டியே? நாப்பது வருசமா என்ர கதை ஒண்டுக்கும் உதவாதெண்டு சொல்லுறாய், லான்செட்டில போட்டிருக்கு!

சிரிச்சது காணும், பயிற்சிக்கு வா. முதல்ல இந்த மேசையில இடக்கையை ஊண்டிக் குனி. வலக்கையைச் சும்மா தொங்கவிட்டு உடம்பை ஆட்டு, கை தானா ஆடும். முன்னபின்ன, பிறகு வட்டம். கொட்மன் எண்ட பழைய டொக்டரின்ர பேரைச் சொல்லித்தான் இதை இண்டைக்கும் காட்டிக்குடுக்கினம். அவர் 1934இலயே தோளுக்கெண்டு ஒரு தனிப் புத்தகம் போட்ட ஆள். நோ கூடின நாளில இது மட்டும் காணும். பிறகு சுவருக்கு முன்னால நிண்டு விரலாலயே மேல மேல நடத்து. நோவு பிடிக்கிற இடத்தில கொஞ்சம் நிண்டு, இறங்கு. மாமரக் கொப்பில பழைய கிணத்துக் கப்பியைக் கொழுவிக் கயிறு போட்டால் இடக்கை இழுக்க வலக்கை ஏறும். வளவில ஆரும் பாத்தாச் சிரிப்பினம். சிரிக்கட்டும், நீ கேரம் விளையாடேக்கையும் சிரிச்சவைதான்.

இனித்தான் உண்மையான மருந்து. சைக்கிள் டியூப் ஒண்டை நீளமா வெட்டி யன்னல் கம்பியில கட்டு. பக்கவாட்டில நில். முழங்கையை விலாவோட ஒட்டிவை. ஒரு மடிச்ச துவாயை இடையில வைச்சா விலகாது. இப்ப டியூப்பைப் பிடிச்சு முன்கையை வெளிப்பக்கமாத் திருப்பு. மெல்ல. திரும்பி வரேக்க இன்னும் மெல்ல, டியூப் உன்னை இழுக்க விடாத. இதுதான் களைச்ச நாலு பேருக்கும் சோறு. பிறகு மற்றப் பக்கம் திரும்பி நிண்டு உள்ளுக்குத் திருப்பு. பிறகு டியூப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சு, படகு தண்டு வலிக்கிறதைப்போல முழங்கையைப் பின்னுக்கு இழுத்து, தோள்பட்டைப் பலகை ரெண்டையும் கிட்டக் கொண்டு வா. பத்துப் பத்தா ரெண்டு மூண்டு தரம். லேசாப் போனபிறகு தடிச்ச டியூப்.

நோகும். நோகாமச் சுகம் வருமெண்டு சொன்னவன் உன்னட்டக் காசு கேப்பான். ஆனா தாங்கிற நோவா இருக்கவேணும். செய்து முடிஞ்சு அடுத்தநாள் காலமை பழைய நிலைக்கு வந்திடவேணும்; வராட்டி நீ கூடச் செய்திட்டாய், பாதியாக் குறை. விட்டிடாத, குறை. ஒரு கிழமை செய்துபோட்டு "மாமா, ஒண்டும் சரிவரேல்ல" எண்டு வந்தியோ, கேட்டைப் பூட்டிடுவன். மூண்டு மாசம். நார் அவ்வளவு மெல்லத்தான் தேறும்.

இரவில நோகிற பக்கம் படுக்காத. மல்லாந்து படுத்தா முழங்கைக்குக் கீழ ஒரு தலையணி, மற்றப் பக்கம் திரும்பினா நெஞ்சோட ஒரு தலையணியைக் கட்டிப்பிடி, கை அதுக்கு மேல கிடக்கட்டும். உன்ர மனிசி ஏதும் கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லு.

தொழிலுக்குப் போகவேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. முதல் ரெண்டு மூண்டு கிழமை எஞ்சினைப் பெடியன் இழுக்கட்டும். பிறகு நீ இழுக்கேக்க, எஞ்சினுக்குக் கிட்ட நில், முழங்கை தோளைவிட உயராம, காலையும் இடுப்பையும் பின்னுக்குச் சரிச்சு இழு. முக்கியமா அந்தப் பிளக்கைத் துடை. உன்ர தோளுக்கு இந்தத் திருகோணமலை மாவட்டத்திலயே மலிவான வைத்தியம் அந்தப் பிளக்கில இருக்கு. வாற வாடைக்கு வள்ளத்தைக் கவிட்டாலும் டியூப்பைக் கவிட்டிடாத; மார்கழியில கிழமைக்கு மூண்டு நாள் இழுத்தவனுக்குப் பங்குனி மாசம் பயம் காட்டாது.

பிசியோவிட்ட ஒருக்காவாவது போய்க் காட்டு. எண்ணெய் பூசாத எண்டும் சொல்லேல்ல. நிலாவெளி கோணேசபுரியில வளாகத்துப் பிள்ளையள் சித்த வைத்தியம் முறையாப் படிக்குதுகள். பூசு, தடவு, சூடு போடு. ஆனா எண்ணெய் பூசின கை டியூப்பையும் இழுக்கவேணும்.

இன்னும் ஒண்டு பாக்கவேணும். முழங்கையை விலாவோட ஒட்டு. முன்கையை வெளியால திருப்பு. இப்ப நான் பிடிச்சுத் தள்ளுறன்... போகுது, நல்லது. நான் தள்ளியும் போகாட்டி அது வேற வருத்தம், தோள் உறைஞ்சு இறுகிறது. சீனி வருத்தக்காரருக்கு அது கூட வரும், ஆற ஒண்டு ரெண்டு வருசமும் எடுக்கும். உனக்கு அது இல்லை. ஆனா நாப்பது தாண்டிட்டாய், வயிறும் முன்னால போகுது, நாளைக்குக் காலமை வெறுவயித்தோட போய் இரத்தம் குடுத்துப் பார். சீனி இருக்கிறவனுக்கு அந்த ஊசி போட்டாலும் சில நாளைக்குச் சீனி ஏறும், டொக்டரிட்டச் சொல்லித்தான் போடவேணும். இடத்தோள் எண்டாலும் வலத்தோள் எண்டாலும், கையை ஆட்டாமலே நொந்து, நெஞ்சு இறுகி, வேர்த்துக் கொட்டினா எண்ணெய்ப் போத்தலைத் தேடிக்கொண்டு நிக்காத, 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும். காய்ச்சலோட தோள் வீங்கிச் சிவந்தாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரி.

எங்க எழும்புறாய்? இரு, பிளேன்ரீ வருது. இடக்கையை நீட்டாத, வலக்கையால வாங்கு. கோப்பை நெஞ்சுக்குக் கீழதானே நிக்குது, அதில நோவு பிடிக்காது. சீனி போடவேண்டாம் எண்டு மாமியிட்டச் சொல்லிப்போட்டன். இரத்தம் பாத்த துண்டைக் கொண்டு வா, பிறகு யோசிப்பம்.